வலி நின்ற நாலு நாள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும் துறையின் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

நான் அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் 19 வருடம் பிரசவ வார்டில் போனது. துறையைக் குறைசொல்லும் எண்ணத்தில் இதை எழுதவில்லை. துறையின் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், இப்போது ஓய்வூதியமும் வாங்குகிறேன். ஆனால் ஆறு வருடமாக ஒரு விஷயம் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

2019 ஆவணியில் என் மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து, வழக்கம்போல எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வந்த ஒன்பதாம் நாள் இரவு அவளுக்கு இடுப்பில் வலி விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. அப்போது 30 வாரம். நான் வேறு ஊரில் நைட் டூட்டியில் இருந்தேன். வீட்டில் அவளுடைய அப்பாவும் என் மாமியாரும்தான். மாமியார் "சூட்டு வலிதான்" என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்தும் வலி நிற்காததால் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். பரிசோதித்தபோது கர்ப்பப்பை வாய் இரண்டு சென்டிமீட்டர் திறந்திருந்தது. வலியை நிறுத்த டிரிப்ஸில் ஐசாக்சுப்ரின் என்ற மருந்தை ஏற்றினார்கள்.

நான் போனில் கேட்ட முதல் கேள்வி, "டெக்ஸா போட்டாச்சா?" குறைமாதக் குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்குப் போடும் ஊசி அது. அந்தப் பக்கம் பேசிய பெண், "வலி நின்னுடுச்சு மேடம், கவலைப்படாதீங்க" என்றாள். நான் கேட்டது ஒன்று, அவள் சொன்ன பதில் இன்னொன்று. ஆனால் அந்த நேரத்தில் அதுவே எனக்குப் போதுமான பதிலாக இருந்தது. காலையில் வந்து சேர்ந்ததும் இன்னொரு தடவை கேட்டேன். "டாக்டர் பார்த்துக்குவார்" என்றார்கள். மகள் சிரித்துக்கொண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை. 19 வருடம் லேபர் வார்டில் நின்றவள் கேட்கவில்லை.

மறுநாள் ஐசாக்சுப்ரின் மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று எழுதி, முழு பெட் ரெஸ்ட் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வலி வந்த இரவிலிருந்து நாலாவது நாள் பனிக்குடம் உடைந்தது. அதே மருத்துவமனைக்குப் போனால், "எங்ககிட்ட குழந்தைக்கு வசதி இல்லை, ஜி.எச். போயிடுங்க" என்றார்கள். எங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் அவள் பெயர், வயது, "ரெஃபர்டு" என்ற ஒரு சொல். வேறெதுவும் இல்லை. ஜி.எச். வாசலில் இறங்கி நாற்பது நிமிடத்தில் குழந்தை பிறந்துவிட்டது. எடை 1,240 கிராம். மூச்சு விடத் திணறியது. 38 நாள் பெட்டியில் இருந்தாள் என் பேத்தி. ஜி.எச். பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தவர்கள் அவளை மீட்டுக் கொடுத்தார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாக இருக்கிறாள்.

எங்களுக்கு நாலு நாள் கிடைத்தது. அந்த ஊசிக்குத் தேவைப்பட்டது இரண்டே நாள். கிடைத்த நாலு நாளையும் வீணாக்கிவிட்டோம்.

பிரசவ வலியை நிறுத்தும் மருந்துகளைப் பற்றித் துறையில் உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலைத் தாய்மார்களும் அவர்களுடைய வீட்டாரும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பது குறைப்பிரசவம். 2020இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தார்கள். அதில் சுமார் 30 லட்சம் பேர் இந்தியாவில். எண்ணிக்கையில் உலகிலேயே முதலிடம் நமக்குத்தான். இப்படிப் பிறக்கும் குழந்தைக்கு முதல் ஆபத்து நுரையீரலில். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன காற்றறைகள் மூச்சு விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வழவழப்பான ஒரு பொருள் சுரக்க வேண்டும். 34 வாரம் வாக்கில்தான் அது போதுமான அளவு வருகிறது. அதற்கு முன்னால் வெளியே வந்த குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் போராடுகிறது.

இதற்கு ஒரு வழியை நியூசிலாந்தில், ஆக்லாந்தில் கண்டுபிடித்தார்கள். கிரஹாம் லிகின்ஸ் என்ற மருத்துவர், பிரசவம் எதனால் தொடங்குகிறது என்று செம்மறியாடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவில் இருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார். பிழைக்கவே முடியாத அளவுக்கு முன்கூட்டிப் பிறந்த ஒரு குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்ததாம்! தேடிப்போனது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. அவரும் ராஸ் ஹௌவி என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, தாய்மார்களுக்கு ஸ்டீராய்டு ஊசி கொடுத்து நடத்திய ஆய்வு 1972இல் வெளிவந்தது. ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் குறைவு, இறப்பும் குறைவு. அதற்குப் பிறகும் 1994 வரை மருத்துவ உலகம் இதைப் பரவலாகக் கையில் எடுக்கவில்லை. அந்த வருடம்தான் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு இதைத் தாராளமாகப் பயன்படுத்தச் சொன்னது. 22 வருடம்! நல்ல மருந்து கையில் இருந்தும் கொடுக்காமல் விடுவது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

நம் ஊரில் போடும் ஸ்டீராய்டு டெக்ஸாமெத்தசோன், சுருக்கமாக டெக்ஸா. 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. மிக மலிவான மருந்து. குளிர்பெட்டியும் தேவையில்லை. கடைசி ஊசி போட்டு முடிக்க 36 மணி நேரம் ஆகும். முழுப் பலன் கிடைக்கக் குழந்தை இன்னும் சற்று நேரம் உள்ளே இருந்தால் நல்லது. அந்த நேரத்தை வாங்கித் தரத்தான் வலி நிறுத்தும் மருந்து. அதற்கு மேல் அந்த மருந்துக்கு வேலை கிடையாது.

இந்த ஒரு விஷயம் எத்தனை டாக்டர்களுக்கே மறந்துபோகிறது என்பதை நேரில் பார்த்தவள் நான். வலியை நிறுத்துவதில் எத்தனையோ வித்தைகள் வந்துபோயின. 1960களின் கடைசியிலும் 70களிலும் அமெரிக்காவில் கர்ப்பிணிகளின் நரம்பில் ஆல்கஹாலையே டிரிப்ஸாக ஏற்றினார்கள். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு மூத்த சிஸ்டர் இதைச் சொன்னதும் நம்பாமல் சிரித்தோம், ஆனால் அது உண்மைதான். அப்புறம் ரிட்டோட்ரின் வந்தது. 1980இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதற்கென்று அனுமதி கொடுத்தது. 1992இல் கனடாவில் 708 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்தது. ரிட்டோட்ரின் பிரசவத்தை ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போட்டது. குழந்தைகளின் உயிரிழப்பு அதனால் குறையவில்லை.

ரிட்டோட்ரின், டெர்பியூட்டலின், ஐசாக்சுப்ரின் எல்லாம் ஒரே குடும்பம். கர்ப்பப்பைத் தசையைத் தளர்த்தும்போது தாயின் இதயத்தையும் விரட்டும். நாடித்துடிப்பு எகிறும், கை நடுங்கும், சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். என் மகளும் அந்த ராத்திரி "அம்மா, நெஞ்சு படபடங்குது" என்றுதான் போனில் அழுதாள். 2011இல் அமெரிக்கா டெர்பியூட்டலினுக்கும், 2013இல் ஐரோப்பா இந்தக் குடும்பத்து மருந்துகளுக்கும் கடுமையான எச்சரிக்கை விட்டன. குறைப்பிரசவத்தைத் தடுக்க இவற்றை வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது என்றன. ஊசியாகக் கொடுப்பதென்றாலும் இரண்டு மூன்று நாளைக்கு மேல் கூடாது என்றன. உலக சுகாதார நிறுவனமும் இந்தக் குடும்பம் வேண்டாம் என்கிறது. நிறுத்தத்தான் வேண்டுமென்றால் இப்போது முதலில் சொல்லப்படுவது நிஃபெடிபின். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அதே மாத்திரை. அடோசிபான் என்று ஒன்றும் இருக்கிறது. பக்க விளைவு குறைவு, விலை அதிகம்.

இவ்வளவு நடந்தும் ஐசாக்சுப்ரின் மாத்திரைச் சீட்டு நம் ஊரில் ஏன் நிற்கவில்லை? நான் யோசித்ததில் எனக்குக் கிடைத்த பதில் இதுதான். குறைமாதத்தில் வலி என்று வருகிற பெண்களில் கணிசமானவர்களுக்கு எதுவும் கொடுக்காவிட்டாலும் வலி தானாக அடங்கி, மாதம் நிறைந்துதான் பிரசவம் ஆகும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே மாதம் நிறைந்தால் பெயர் மாத்திரைக்குப் போய்விடும். "எங்க அக்காவுக்கும் இதான் குடுத்தாங்க, சுகப்பிரசவம்" என்று நாலு வீட்டுக்குச் செய்தி பரவும். மாத்திரை எழுதாத டாக்டருக்கு "ஒண்ணுமே குடுக்கல" என்ற கெட்ட பெயர் வரும். நிஃபெடிபின் மாத்திரையை நாள்கணக்கில் நீட்டிக் கொடுத்தால் குழந்தைக்கு ஏதாவது லாபம் உண்டா என்று நெதர்லாந்தில் பார்த்தார்கள். இல்லை என்று 2013இல் முடிவு வந்தது. பெட் ரெஸ்ட் கதையும் இப்படித்தான். படுக்கையிலேயே கிடந்தால் குறைப்பிரசவம் தள்ளிப்போகும் என்பதற்குச் சான்று கிடையாது. காலில் ரத்தம் கட்டும் அபாயம்தான் கூடும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நெதர்லாந்து, இங்கிலாந்து, அயர்லாந்து மருத்துவமனைகளில் 30 முதல் 34 வாரத்துக்குள் வலி வந்தவர்களுக்கு அடோசிபான் கொடுத்தும், மருந்துச் சத்து இல்லாத வெற்று மருந்து கொடுத்தும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2025இல் வந்தது. குழந்தைகளின் நிலையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. "அப்படியானால் வலியை நிறுத்தவே வேண்டாமே" என்று யாராவது கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. என் எண்ணம் இது: அங்கே பெரும்பாலும் குழந்தைக்கான தீவிர சிகிச்சை அதே கட்டடத்தில் இருக்கும், ஸ்டீராய்டும் வழக்கமாகப் போட்டுவிடுவார்கள். நமக்கோ மலைக்கிராமத்திலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு மூன்று மணி நேரப் பயணம். அந்த மூன்று மணி நேரத்துக்காகவாவது வலியை அடக்கி வைக்கும் மருந்து தேவைப்படும். ஆனால் அது பயணத்துக்கும் ஊசிக்கும் மட்டும். வீட்டுக்கு எழுதிக் கொடுப்பதற்கு இல்லை.

சரி, துறை என்ன செய்ய வேண்டும்?

மத்திய அரசு 2014இலேயே வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது. 24 முதல் 34 வாரத்துக்குள் குறைப்பிரசவ வலி என்றால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன் முதல் டெக்ஸாமெத்தசோன் ஊசியைக் கிராம சுகாதார செவிலியரே போடலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. காகிதத்தில் இருக்கிற இந்த அதிகாரம் களத்தில் பாதிப் பேருக்குத் தைரியமாக மாறவில்லை. "ஸ்டீராய்டு போட்டு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தானே கேட்பாங்க" என்பதுதான் நான் கேட்ட பேச்சு. அந்தப் பயத்தைச் சுற்றறிக்கை போக்காது. வட்டார அளவில் உட்கார வைத்து, கையில் ஊசி கொடுத்துச் சொல்லித்தர வேண்டும்.

இந்த ஊசியைக் கண்மூடித்தனமாகவும் போடக் கூடாது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். இந்தியாவையும் சேர்த்து ஆறு நாடுகளில், கிராமம் வரைக்கும் ஸ்டீராய்டைக் கொண்டுபோய்ப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. மொத்தத்தில் பச்சிளங்குழந்தை இறப்பு குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது! ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு உண்மையில் குறைப்பிரசவமே ஆகவில்லை. வாரக் கணக்கு சரியாகத் தெரியாமல் போட்டிருக்கிறார்கள். அடுத்து உலக சுகாதார நிறுவனம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா மருத்துவமனைகளில் 2,852 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஸ்கேன் வைத்து வாரத்தை உறுதிசெய்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதியுள்ள இடத்தில் கொடுத்தபோது இறப்பு தெளிவாகக் குறைந்தது. பலன் வெளிப்படையாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். 2020இல் முடிவு வெளிவந்தது. சுமார் 25 பெண்களுக்கு ஊசி போட்டால் ஒரு குழந்தையின் உயிர் கூடுதலாகத் தங்கும் என்பது அதன் கணக்கு.

ஆகவே வாரக் கணக்குதான் அடிப்படை. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனில் உள்ள தேதியைத் தாய்சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், பிக்மி (கர்ப்பிணிகளைப் பதியும் அரசுக் கணினிப் பதிவு) எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுத வையுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மாமியார் பையைத் துழாவிப் பத்து ஸ்கேன் ரிப்போர்ட்டில் எது முதல் என்று தேடும் நிலை இருக்கக் கூடாது.

அடுத்தது ரெஃபர் சீட்டு. தனியார், அரசு இரண்டுக்கும் ஒரே படிவம் வேண்டும். எத்தனை வாரம், வலி எப்போது தொடங்கியது, கர்ப்பப்பை வாய் எவ்வளவு, பனிக்குடம் உடைந்ததா, வலி நிறுத்த எந்த மருந்து எத்தனை மணிக்கு, ஸ்டீராய்டு முதல் ஊசி எத்தனை மணிக்கு. இந்த ஆறும் நிரப்பாமல் எந்தக் கர்ப்பிணியையும் வண்டி ஏற்றக் கூடாது. 32 வாரத்துக்கு முன்பென்றால் குழந்தையின் மூளையைக் காக்க மக்னீசியம் சல்பேட் கொடுத்தார்களா என்று ஏழாவதாகவும் ஒன்று சேர்க்கலாம். வலிப்புக்காக நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்திருக்கும் அதே மருந்துதான். 108 வண்டி வருவதற்குள் எழுதி முடித்துவிடலாம். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது என்று 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்னது. எனக்கு அதில் பெருமைதான், அந்த வேலையில் என் பங்கும் உண்டு. ஆனால் இரண்டு மருத்துவமனைகளுக்கு நடுவே சாலையில் தகவல் தொலைந்துபோவதை அந்தச் சதவீதம் காட்டாது.

ஐசாக்சுப்ரினை வாரக்கணக்கில் எழுதித் தருவது பற்றித் துறை வாய் திறந்து ஒரு நிலைப்பாடு எடுக்க வேண்டும். தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997 முதல் நம் மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. தடை செய்யச் சொல்லவில்லை. 48 மணி நேரத்துக்கு மேல் கொடுத்தால் காரணம் எழுத வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்தாலே பாதிச் சீட்டு நின்றுவிடும்.

இன்னொன்றை உங்கள் கோப்புகளில் நான் பார்த்ததில்லை. நம் பெண்கள் வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும் மாதமும், இந்த ஊசி தேவைப்படும் மாதமும் ஒன்றுதான். ஏழாம் மாதம் என்றால் ஏறக்குறைய 28 வாரம் முதல் 32 வாரம் வரை. அதுவரை அவளைப் பார்த்த செவிலியர் ஓர் ஊரில், இனி பார்க்கப்போகும் செவிலியர் வேறு ஊரில். என் மகள் வந்து ஒன்பது நாளாகியும் எங்கள் பகுதிச் செவிலியருக்கு அவள் வந்ததே தெரியாது. நானும் சொல்லவில்லை, ஒரே துறையில் இருந்துகொண்டு. வளைகாப்புத் தேதியைப் பிக்மியில் பதிந்து, தாய்வீட்டுப் பகுதிச் செவிலியருக்குத் தானாகத் தகவல் போகும்படி செய்வது கணினியில் பெரிய வேலையா என்ன?

அரசே நடத்தும் சமுதாய வளைகாப்பும் இருக்கிறதே. வளையல் போட்டு, சந்தனம் பூசி, ஐந்து வகைச் சாதம் போட்டு அனுப்புகிறீர்கள். நானும் சில விழாக்களுக்குப் போயிருக்கிறேன், பெண்கள் முகத்தில் அன்றைக்கு இருக்கும் சந்தோஷத்துக்கு விலை கிடையாது. மேடையில் பேசுகிறவர்கள் திட்டங்களைப் பற்றிப் பேசி முடித்ததும் பத்து நிமிடம் ஒரு செவிலியருக்குக் கொடுங்கள். வயிறு கல் மாதிரி இறுகி இறுகி விட்டால், இடுப்பு வலி விட்டுவிட்டு வந்தால், அடிவயிறு கனத்துக் கீழே இறங்குவது போல இருந்தால், நீரோ ரத்தமோ பட்டால் சீரகத் தண்ணீரோடு நிறுத்தாமல் உடனே கிளம்ப வேண்டும் என்று சொல்லட்டும். "ஏழாம் மாசம் பிறந்தா பிழைக்கும், எட்டாம் மாசம் பிறந்தா பிழைக்காது" என்ற பேச்சு பொய் என்றும் சொல்லட்டும். எட்டாம் மாதத்தில் வலி வந்தபோது, "இது தங்காது" என்று முடிவுகட்டி மெதுவாகக் கிளம்பி வந்த ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அதை விரித்து எழுத இப்போதும் கை வரவில்லை.

கூடவே, "என் குழந்தைக்கு நுரையீரல் ஊசி போட்டாச்சா?" என்ற கேள்வியையும் அந்தப் பெண்களுக்குக் கற்றுக்கொடுங்கள். தேவையில்லை என்றால் ஏன் என்று டாக்டர் சொல்லட்டும். கிருமித் தொற்று, நஞ்சுக்கொடி பிரிதல், தாயின் ரத்த அழுத்தம் என்று வலியை நிறுத்தவே கூடாத நிலைமைகளும் உண்டு, அவற்றை முடிவுசெய்ய வேண்டியவர் டாக்டர்தான். கேள்வி கேட்கும் உரிமை தாய்க்கு இருக்கட்டும்.

அன்றைக்கு எங்களுக்குக் கொடுத்த துண்டுச் சீட்டின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். மருத்துவமனையின் பெயரை மை வைத்து மறைத்துவிட்டேன். யார் மீதும் நடவடிக்கை கேட்கவில்லை. அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், நான் கேட்கும் படிவம் எப்படி இருக்கலாம் என்று அதிலேயே கட்டம் போட்டு வரைந்திருக்கிறேன். அளவு போதும், ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்